சாமி வீட்டு நாய்

மே மாதம் பிறந்துவிட்டால் குருக்களின் வாழ்வில் மாற்றல் காலம் தொடங்கிவிடும். ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வரும். ஐந்தாறு ஆண்டுகள் பழகிய மக்களை விட்டு, இரண்டு பெட்டிகளும் நான்கு கட்டுப் புத்தகங்களுமாக வேறோர் ஊருக்குப் புறப்படுவோம். புறப்படுமுன் பொறுப்பு ஒப்படைத்தல் என்றொரு சடங்கு உண்டு. திருமுழுக்கு ஏடு, திருமண ஏடு, இறந்தோர் ஏடு, கணக்குப் புத்தகம், சாவிக்கொத்து, பாத்திர பண்டங்கள், பீரோ, நாற்காலி என ஒவ்வொன்றும் பட்டியலிடப்பட்டு, வருபவரும் போகிறவரும் கையொப்பமிட வேண்டும். 2011-ஆம் ஆண்டு மே மாதம் நாம் ஒப்படைத்த பட்டியலில் கம்பி ஒடிந்த குடை ஒன்றுகூட இடம்பெற்றிருந்தது. குருமனை நாய் இடம்பெறவில்லை. அதை நாம் முன்னதாகவே வேறிடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தோம். அந்த அனுப்புதலைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகின்றோம்.

அந்த நாய் நம்மிடம் வந்தது 2006-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி. தென்மாவட்டத்தில், செம்மணல் தேரியை அடுத்த ஒரு பங்கில் அப்பொழுது பணியாற்றிக்கொண்டிருந்தோம். அவ்வாண்டு திருவருகைக் காலத்தில் கோவில் உண்டியலை எவரோ உடைத்துவிட்டனர். "சாமி தனியா இருக்கீக, காவலுக்கு ஒண்ணு வேணும்" என்று கூறி, அன்பர் ஒருவர் சாக்குப் பையில் ஒரு குட்டியைக் கொணர்ந்தார். அல்சேஷன் கலப்பு. பிறந்து ஒரு மாதம்கூட நிரம்பவில்லை. குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்பதும், உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும் அந்த வாரங்களிலேதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதை அது கற்கிறது என்பதும் நாம் பின்னாளில் அறிந்தவை. அன்றோ, உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டிருந்த அவ்வுயிரைக் கண்டு மகிழ்ந்து 'சீசர்' என்று பெயரிட்டோம். உரோமைப் பேரரசர்களின் பெயரை நம் நாட்டு நாய்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

சீசரை நாம் பட்டினி போடவில்லை, ஆனால் வளர்க்கவுமில்லை. சோறு போடுவதே வளர்ப்பு என்று எண்ணியிருந்தோம். குட்டியாயிருக்கையில் நம் அங்கியின் ஓரத்தைக் கவ்வி இழுக்கும், வந்தவர்கள் சிரிப்பார்கள், நாமும் சிரிப்போம். பிச்சை கேட்டு வந்த முதியவரைக் கண்டு குரைத்தால், குசினிக்காரர் மெச்சி ஒரு துண்டு மீன் போடுவார். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை பின்கட்டு வேப்பமரத்தில் சங்கிலி. இரவில் மதிலுக்குள் அவிழ்த்து விடுவோம். கோவிலுக்கு வந்து போன நூற்றுக்கணக்கான மக்களில் ஒருவரையும் அது அருகிருந்து முகர்ந்து பழகியதில்லை. சங்கிலியின் எல்லைக்கு அப்பால் நடமாடும் கால்களாகவே மனிதரை அது அறிந்திருந்தது.

எல்லாவற்றிலும் கேடானது சோற்றுச் சட்டி விளையாட்டு. மாலையில் பந்தாட வரும் இளைஞர் சிலர், அது உண்ணும் வேளையில் சட்டியை ஒரு கழியால் இழுத்து வேடிக்கை பார்ப்பார்கள். சீசர் உறுமும். இளைஞர்களைக் கண்டிக்க வேண்டிய நாம், உறுமிய குற்றத்துக்காகப் பிரம்பெடுத்து நாயை இரண்டு போடுவோம். சில மாதங்களில் உறுமல் அடியோடு நின்றுபோயிற்று. ஒழுக்கம் வந்துவிட்டது என்று நம்பினோம். உறுமல் என்பது நாய் விடுக்கும் எச்சரிக்கை; அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை நிற்குமேயன்றி உள்ளேயுள்ள அச்சம் நிற்காது என்று நமக்குச் சொல்வாரில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமோ, அறியோம்.

2009-இல் தபால்காரரின் கால்சட்டை கிழிந்தது. 2010 ஆகஸ்டில், அன்னையின் விண்ணேற்பு விழா நவநாளின்போது, பீடச் சிறுவன் ஒருவன் உருண்டுபோன பந்தை எடுக்கச் சட்டியருகே குனிந்தான். முன்கையில் பற்கள் பதிந்தன. ஊசிகளுக்கு நாமே அவனை அழைத்துச் சென்றோம். அவன் தந்தை ஒரு பேச்சும் பேசவில்லை. "சாமி வீட்டு நாய்தானே, போகட்டும்" என்றார். வேறொருவர் வீட்டு நாயாயிருப்பின் தடியெடுத்துக்கொண்டு சென்றிருப்பார். நம் அங்கிக்குக் கிடைத்த மரியாதை நாய்க்கும் கவசமாயிற்று. அக்கவசத்துக்குப் பின்னே நாமும் வசதியாக நின்றுகொண்டோம் என்பதை எழுதுகையில் இன்றும் பேனா தயங்குகின்றது.

இந்நிலையில் 2011-இல் மாற்றல் கடிதம் வந்தது. நாம் செல்ல வேண்டிய பங்கு நகரத்தின் நடுவில் இருந்தது. குருமனையும் தொடக்கப்பள்ளியும் ஒரே மதிலுக்குள். நமக்குப் பதிலாக வரவிருந்த குருவானவருக்கோ மூச்சிரைப்பு நோய். நாயின் உரோமம் ஆகாது. 10 நாளில் சீசருக்கு ஓர் இடம் தேட வேண்டும். கிளைக் கிராமம் ஒன்றில் தென்னந்தோப்பு வைத்திருந்த பெரியவர் ஒருவர், நாம் அண்ணாச்சி என்று அழைப்பவர், தாமாக முன்வந்தார். தேங்காய்த் திருட்டு அதிகம் என்றார். வேனில் நாயை ஏற்றுமுன் அவர் ஒன்று கேட்டார்.

"சாமி, புள்ளைகளக் கடிக்குமா? பேத்தி நம்ம வீட்டுலதான் இருக்கா."

நாம் சொன்ன விடை இதுவே: "நல்ல காவல் நாய், அண்ணாச்சி. பழகிட்டா ஒண்ணும் இல்ல."

அவ்விரண்டு சொற்றொடர்களில் எதுவும் பொய்யன்று என வாதாடலாம். காவல் நாய்தான். பழகியவர் சிலரை அது கடித்ததுமில்லை. ஆனால் அவர் கேட்டது வேறு. நாம் சொன்னது வேறு. வாயால் ஒரு பாதியைச் சொல்லி, மறுபாதியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, பொய் சொல்லவில்லை என்று தேறிக்கொள்ளும் தந்திரத்தைத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679-இல் கண்டித்ததைக் குருமடத்தில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றவர் நாம். வேன் தேரி வளைவில் மறைந்தபோது நம் மனம் இலேசாயிற்று. அவ்வளவு விரைவில் இலேசானதைக் கண்டாவது ஐயம் கொண்டிருக்க வேண்டும்.

புதிய வீட்டுக்குச் சென்ற நாய் முதல் சில நாட்கள் அடங்கிக் கிடப்பது வழக்கம். அது சாதுவானதால் அன்று; எங்கிருக்கிறோம் என்று தெரியாத திகைப்பினால். அண்ணாச்சி வீட்டார் அதை அறியார். 'சாமி வளர்த்த நாய், எவ்வளவு அமைதி' என்று வியந்து, சங்கிலியையும் நீளமாக்கி, சட்டியைத் திண்ணையோரத்தில் வைத்தனர். மூன்றாவது வாரம், சோற்றுப் பருக்கை பொறுக்கப்போன கோழிக்குஞ்சை விரட்டிக்கொண்டு 5 வயதுப் பேத்தி அங்கே ஓடினாள். நாய் உறுமவில்லை. நேராக இடக் கன்னத்தில் கடித்தது.

வீட்டிலிருந்தோர் பதற்றத்தில் காயத்தின் மேல் காப்பித்தூளை அப்பினார்கள். ஒருவர் மிளகாய்த்தூள் என்றாராம். நம் ஊர்களில் இவ்வழக்கம் இன்னும் ஒழியவில்லையாதலால் இங்கே சற்று நின்று சொல்லிவிடுகிறோம். நாய் கடித்த இடத்தில் எதையும் அப்பலாகாது. ஓடும் நீரும் சோப்பும் கொண்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காயம் ஆழமாயின், அதிலும் முகத்திலாயின், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். நாயைக் கவனித்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம் என்று காத்திருப்பது தவறு. வெறிநோய் வெளிப்பட்டபின் அதிலிருந்து மீண்டவர் மிக மிக அரியர். ஆனால் நோய் தோன்றுமுன் முறையாகச் சிகிச்சை பெற்றால் அதைத் தடுத்துவிடலாம்.

குழந்தைக்கு எல்லாம் முறையாகவே செய்யப்பட்டன. ஊர் இளைஞர்கள் நாயை அடித்துக் கொல்லப் புறப்பட்டபோது, கொல்லாமல் கட்டிவைத்து 10 நாள் பாருங்கள் என்று மருத்துவர் தடுத்தாராம். கடித்த வேளையில் நாயின் உமிழ்நீரில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால், அந்த 10 நாளுக்குள் அது நோயுற்று மடியும். சீசருக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தோம். அதற்குரிய அட்டையோ நகரத்தில் நம் பெட்டிக்குள் கிடந்தது. நாயைக் கொடுத்த நாம் அட்டையைக் கொடுக்க மறந்தோம். அந்தப் 10 நாளும் அவ்வீட்டில் உலை வைத்தும் உண்ணாதிருந்தார்கள் என்று பிறகு அறிந்தோம்.

11-ஆம் நாள் அண்ணாச்சி நகரத்துக்கு வந்தார். ஏச வந்திருக்கிறார் என்று நாம் எண்ணினோம். காப்பி கொடுத்தோம், குடித்தார். பிறகு சொன்னார்:

"நாயத் தந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல, சாமி. நாய்னா கடிக்கத்தான் செய்யும். சட்டிப் பக்கம் போனா கடிக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா, புள்ளைய அந்தப் பக்கம் விட்டிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். மருத்துவச் செலவை நாம் நீட்டியபோது பாதியைத் திருப்பித் தந்துவிட்டுப் பேருந்துக்குப் புறப்பட்டார். அக்குழந்தை இன்று வளர்ந்த பெண். நலமாயிருக்கிறாள், நன்றாகப் படித்தாள். புகைப்படத்துக்கு நிற்கும்போது மட்டும் இடக் கன்னம் தெரியாதவாறு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அன்றிரவு விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தைப் புரட்டினோம். முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் அங்கே உள்ளது. ஒருவனது மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாடு கல்லெறிந்து கொல்லப்படும், உடையவன்மேல் பழியில்லை. ஆனால் அந்த மாடு முன்னரே முட்டும் வழக்கமுடையதாயிருந்து, உடையவன் எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிக் காவாதிருந்தால், பழி அவன் தலைமேலும் விழும். பலமுறை வாசித்த பகுதிதான். அச்சட்டம் மாட்டின் கொம்பை அளக்கவில்லை, உடையவன் என்ன அறிந்திருந்தான் என்பதையே அளக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

புனித அக்குவினா தோமாவும் விற்பனை பற்றிய பகுதியில் இதையே வேறொரு வழியில் ஆராய்கிறார். நொண்டிக் குதிரையை வேகமான குதிரை என்றும், இடியும் வீட்டை உறுதியான வீடு என்றும், கெட்ட உணவை நல்லுணவு என்றும் விற்பவரை உதாரணம் காட்டுகிறார். வாங்குபவருக்கு ஆபத்தோ இழப்போ விளைவிக்கக்கூடிய மறைவான குறையைச் சொல்லியே தீரவேண்டும் என்பது அவர் முடிவு. ஒற்றைக் கண் குதிரையைப் போன்று, குறை வெளிப்படையாகத் தெரிந்தால் அது வேறு. சீசரின் கண்ணும் காதும் காலும் பழுதற்றவை. அதன் பழுது சோற்றுச் சட்டியைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குள் இருந்தது. உலகில் அதை முழுதும் அறிந்தவர் நாம் ஒருவரே. 'நாம் விற்கவில்லையே, இலவசமாகத்தானே கொடுத்தோம்' என்று ஒரு குரல் உள்ளே எழுந்தது. காசு வாங்கியிருந்தால் ஒருவேளை அவர் இன்னும் துருவிக் கேட்டிருப்பார். தானமாய்க் கொடுத்ததனாலேயே அவர் கேள்வியை ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

சீசரை நாமே திருப்பி அழைத்து வந்தோம். பள்ளித் தலைமை ஆசிரியையான அருட்சகோதரி இதை விரும்பவில்லை. அவர் விரும்பாதது முற்றிலும் நியாயம். மாணவர் புழங்காத வடபுறத்தில் ஆளுயரக் கம்பிவலை அடித்து, இரட்டைத் தாழ்ப்பாள் போட்டோம். அரசுக் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். 4 வயது கடந்த நாய்; குட்டிப் பருவத்தில் தவறவிட்டதை முழுதும் திரும்பப் பெற முடியாது, ஆயினும் குறைக்கலாம் என்றார். அவர் சொன்ன முறை எளிது; பொறுமைதான் அரிது. உண்ணும்போது அது உடலை விறைக்காத தூரத்தில் நின்று, சட்டிக்குள் ஓர் இறைச்சித் துண்டை எறிந்துவிட்டு அகல வேண்டும். நாள்தோறும் இப்படியே. சில நாள் கழித்து ஓரடி முன்னே. அது விறைத்தால் ஓரடி பின்னே. மனிதர் வந்தால் உணவு பறிபோகும் என்று கற்ற நாய், மனிதர் வந்தால் உணவு கூடும் என்று மறுபடி கற்க வேண்டும். உறுமினால் அடிக்கலாகாது. அது மீண்டும் உறுமத் தொடங்கினால் மகிழுங்கள் என்றார். நான்கு மாதம் கழித்து ஒரு மாலை சீசர் உறுமியது. நாம் உண்மையிலேயே மகிழ்ந்தோம்.

ஏறத்தாழ ஓராண்டில் சட்டிக்கு இரண்டடி வரை நம்மால் செல்ல முடிந்தது. நம்மைத் தவிர வேறெவரும் முயலவில்லை, முயல விடவுமில்லை. வெளியே நடத்திச் செல்லும்போது வாயில் தோல் கூடு. 2016 ஐப்பசி மழையில் அது இறக்கும்வரை எந்தக் குழந்தையையும் அவ்வேலியருகே நாம் விடவில்லை.

இவற்றையெல்லாம் எழுதக் காரணம், ஞாயிறு பூசை முடிந்ததும் நம் சக்கிரீஸ்து வாசலில் அடிக்கடி கேட்கும் ஒரு விண்ணப்பமே. "சாமி, வீடு மாறுறோம், நாய யாருக்காவது குடுக்கணும், அறிவிப்புல சொல்லுங்க" என்பார்கள். வீடு மாறுதல், வெளிநாட்டு வேலை, முதியவர் மரணம், பிறந்த குழந்தை, இவற்றால் ஒரு நாயைப் பிரிய நேர்வது பாவமன்று. எப்படிப் பிரிகிறோம் என்பதே கேள்வி. நாம் இப்பொழுது அறிவிக்குமுன் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்கிறோம். யாரை எப்பொழுது கடித்தது, எதைக் கண்டால் அஞ்சுகிறது, வெடிச் சத்தத்துக்கு என்ன செய்யும், சட்டியருகே போகலாமா, சங்கிலியில் எத்தனை மணி நேரம் கிடந்து பழகியது, கடைசித் தடுப்பூசி எந்நாள். கடித்திருந்தால் 'விளையாட்டாய்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்கிறோம். இத்தாளைக் கண்டு பலர் முகம் சுளிக்கிறார்கள். "இதெல்லாம் எழுதுனா யார் சாமி வாங்குவா?" என்று ஒரு தாயார் கேட்டார். வாங்குபவர் ஒருவரும் இல்லையெனில், அந்த நாய் இன்னும் உங்களுடையது என்று பொருள், அம்மா என்றோம். அவருக்கு நம்மேல் வருத்தம்தான். ஆனால் அவரே மூன்று மாதம் முயன்று நாயைச் சற்றுப் பழக்கி, பிள்ளைகளற்ற ஒரு வீட்டாரைத் தேடி, அவர்களை நான்கைந்து முறை வரவழைத்துப் பழகச் செய்து, ஒத்துவராவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் சொல்லிக் கொடுத்தார்.

வேறு வழிகளும் கையாளப்படுவதை அறிவோம். இரவில் வண்டியில் ஏற்றி அடுத்த ஊர்ச் சந்தையில் இறக்கிவிடுவது அவற்றுள் ஒன்று. சோற்றுச் சட்டியை அன்றி வேறறியாத நாய் தெரு நாய்களின் எல்லைக்குள் என்ன பாடுபடும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பசியாலும் தாகத்தாலும் வாடுமாறு விலங்கைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. முதற் குற்றத்துக்கு அச்சட்டம் குறித்த அபராதம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது என்பதை நினைத்தால் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். தம் விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுவதும் குற்றமே. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்கிறது.

மிகச் சில நாய்கள் எவருக்கும் கொடுக்கத் தக்கவையல்ல. முயன்று பார்த்த மருத்துவர் அவ்வாறு கூறினால், சாகும்வரை வேலிக்குள் வைத்துக் காப்பதோ, அதற்கும் இயலாதபோது மருத்துவர் கையால் வலியின்றி முடிப்பதோ உடையவர் ஏற்க வேண்டிய துயரம். அந்நேரத்தில் அவரே அருகிருந்து தலையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். இதைக் கடுமை என்பார் உண்டு. விவரம் அறியாத வேறொரு வீட்டுக்கு அனுப்பி, அங்கே அது தடியடியில் சாவதை விட இது கடுமையன்று.

2024 மே மாதம் மீண்டும் ஒரு மாற்றல் வந்தது. இம்முறை நம்மிடம் இருந்தது 'மணி' என்னும் நாட்டு நாய்; மழையில் கெபிக்குள் ஒதுங்கியதை 2018-இல் எடுத்து வளர்த்தோம். பிள்ளைகளோடு பழகியது, சட்டியை எவர் எடுத்தாலும் வாலாட்டும். வரவிருந்த இளங்குருவானவர் அதை ஆசையோடு கேட்டார். ஒப்படைப்புப் பட்டியலில் சாவிக்கொத்துக்கு அடுத்து, 17-ஆம் எண்ணில், 'நாய் ஒன்று' என்று எழுதி, தடுப்பூசி அட்டையை ஊசியால் குத்தி, ஒரு முழுப் பக்கம் இணைத்தோம். அவர் நின்றபடியே படித்தார்.

"குடை பிடிச்சவங்களக் கண்டா குரைக்கும்னு எழுதியிருக்கீங்க, ஃபாதர். இதக்கூடவா எழுதணும்?"

"மழைக்காலத்துல தெரியும், தம்பி. கையெழுத்தப் போடுங்க" என்றோம்.